கோட் வாங்கும்போது முதலில் தோளைப் பாருங்கள்

கேள்வி: ஐயா, வணக்கம். ஆவணியில் எனக்குக் கல்யாணம். ரிசப்ஷனுக்குக் கோட் சூட் எடுக்கத் திருச்சியில் ஒரு கடைக்குப் போனோம். நான் 40 சைஸ் ஷர்ட் போடுபவன் என்றதும் 40 சைஸ் கோட்டையே எடுத்துக் கொடுத்தார்கள். தோள் இரண்டு பக்கமும் தொங்குகிறது. "எடுத்துக்கோங்க சார், ஆல்டர் பண்ணித் தந்துடறோம்" என்கிறார்கள். நம்பி வாங்கலாமா? தைக்கக் கொடுப்பதே மேல் என்கிறார் அப்பா.

பதில்: வாங்காதீர்கள். தோள் பொருந்தாத கோட்டில் வேறு எதைச் சரிசெய்தும் பயன் இல்லை. இடுப்பைப் பிடிக்கலாம், கை நீளத்தைக் குறைக்கலாம், பேன்ட்டை மடித்துத் தைக்கலாம். இதையெல்லாம் நல்ல ஆல்டரேஷன் டெய்லர் செய்து கொடுத்துவிடுவார். தோளைக் குறைக்க வேண்டுமானால் கையை முழுதாகக் கழற்றி, உள்ளே இருக்கும் பேடை எடுத்து, தோளைத் திரும்ப வெட்டி, கையை மறுபடி ஏற்ற வேண்டும். அதற்கு ஆகும் செலவும் அதிகம், கெட்டுப்போகும் வாய்ப்பும் அதிகம். கோட்டின் நீளமும் அப்படித்தான். கீழே வெட்டிக் குறைத்தால் பாக்கெட் விளிம்புக்கு மிகவும் அருகில் வந்துவிடும்.

அந்த 40 குழப்பம் பலருக்கும் நேர்வது. நம் ஊர் பிராண்டு பார்மல் ஷர்ட்களில் 39, 40, 42 என்று போட்டிருப்பது பெரும்பாலும் கழுத்துச் சுற்றளவு, சென்டிமீட்டரில். கோட்டில் போட்டிருக்கும் 40 மார்புச் சுற்றளவு, அங்குலத்தில். சிலருக்கு இரண்டும் தற்செயலாக ஒத்துப்போகும். உங்களுக்கு ஒத்துப்போகவில்லை. கடையிலேயே டேப் வைத்து மார்பை அளக்கச் சொல்லுங்கள். ஷர்ட் சைஸைக் கேட்டுக் கோட்டை எடுத்துத் தரும் கடையில் அவசரப்பட்டுப் பணம் கட்ட வேண்டாம்.

போட்டுப் பார்க்கப் போகும்போது முழுக்கை ஷர்ட்டும் ஷூவும் போட்டுக்கொண்டு போங்கள். டி-ஷர்ட் மேல் கோட்டைப் போட்டுப் பார்த்தால் எதுவும் தெரியாது. சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் நின்று மெல்லச் சாயுங்கள். உங்கள் மேல்கை சுவரில் படுவதற்கு முன்பே தோள் பேட் பட்டு மடங்கினால் கோட் பெரிது. அடுத்து மேல் பட்டனைப் போடுங்கள். அந்த இடத்தில் துணி பெருக்கல் குறி மாதிரி இழுத்தால் இறுக்கம். பின்கழுத்தில் கோட் காலர் ஷர்ட் காலரோடு ஒட்டி நிற்க வேண்டும். நடுவில் விரல் போகும் அளவுக்கு இடைவெளி இருந்தால் விட்டுவிடுங்கள், அதைச் சரிசெய்வது கஷ்டம். கையைத் தொங்கவிட்டால் ஷர்ட் கஃப் அரை அங்குலம் வெளியே தெரிய வேண்டும்.

மாப்பிள்ளைகள் பார்க்கத் தவறுவது ஆர்ம்ஹோலை, அதாவது உடலோடு கோட்டின் கை இணையும் வளையத்தை. மேடையில் மணிக்கணக்கில் நின்று கை கொடுக்க வேண்டும், கும்பிட வேண்டும், போட்டோவுக்கு நண்பர்கள் தோளில் கை போட வேண்டும். ஆர்ம்ஹோல் பெரிதாக இருந்தால் வசதி என்று நினைக்கிறோம். உண்மை நேர்மாறானது. அக்குளை ஒட்டி உயரமாக வெட்டிய கோட்டில் கை மட்டும் தனியாக அசையும். இறங்கி வெட்டிய கோட்டில் கையைத் தூக்கினால் கோட்டே சேர்ந்து தூக்கிக்கொள்ளும், காலர் காதுவரை வந்துவிடும். டிரையல் ரூமில் வெட்கப்படாமல் ஒரு தடவை கும்பிட்டுப் பாருங்கள்.

அப்பா சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஒரு தோள் இறங்கியவர்களுக்கும், மார்புக்கும் இடுப்புக்கும் அளவு அதிகம் மாறுபவர்களுக்கும் தைப்பதுதான் சரி. ஆனால் ஷர்ட், பேன்ட் தைப்பவரிடம் கொடுக்காதீர்கள், கோட் தைத்துப் பழகியவராகப் பாருங்கள். முழுதாகத் தைப்பதற்கு முன், தற்காலிகமாக நூலோட்டிய நிலையில் ஒரு ட்ரையல் வேண்டும் என்று முதலிலேயே பேசிவிடுங்கள். "ட்ரையல் எல்லாம் தேவையில்லை, அளவு போதும்" என்பவரிடம் கல்யாணக் கோட்டைக் கொடுப்பது எனக்குச் சம்மதமில்லை.

கேள்வி: துணி ஓரத்தில் 'சூப்பர் 120' என்று நெய்திருக்கிறது. விலையோ மிகக் குறைவு. எடுக்கலாமா? (கோவை வாசகர்)

பதில்: அந்த எண் கம்பளி இழை எவ்வளவு மெல்லியது என்பதைச் சொல்வது. எண் கூடக் கூட இழை மெலியும், தொட்டால் மென்மையாக இருக்கும், கூடவே சீக்கிரம் தேய்ந்தும் போகும். அதனால் அதிக எண் என்றால் அதிகம் உழைக்கும் என்று அர்த்தமில்லை. மிகக் குறைந்த விலைக்கு அந்த எண்ணைப் போட்டு விற்றால் அதில் கம்பளி எத்தனை சதவீதம் என்று கேளுங்கள், பில்லிலும் எழுதச் சொல்லுங்கள். ஓரத்தில் இருந்து இரண்டு நூலை உருவிக் கொளுத்தினாலே ஓரளவு தெரிந்துவிடும். கம்பளி முடி கருகும் நாற்றம் அடிக்கும், சாம்பலை விரலால் நசுக்கினால் பொடியாகும். பாலியஸ்டர் உருகிக் கெட்டியான மணியாக உறையும். நம் ஊர் வெயிலுக்கு மெல்லிய கம்பளியும் பாதி லைனிங்கும் நல்லது. முழு பாலியஸ்டர் கோட்டில் மேடை விளக்குக்குக் கீழே நிற்பது பெரும் அவஸ்தை.

கேள்வி: ஷர்ட், டை எப்படிப் பார்ப்பது?

பதில்: கழுத்துப் பட்டனைப் போட்ட பிறகு உள்ளே இரண்டு விரல் நுழைந்தால் சரி. டையின் நுனி பெல்ட் பக்கிளைத் தொட்டு நிற்க வேண்டும். அகலம் கோட் லேப்பலின் (மார்பில் மடிந்து நிற்கும் பகுதியின்) அகலத்தை ஒட்டி இருக்கட்டும். முடிச்சோடு வரும் ஜிப் டை வேண்டாம், முடிச்சு ஒரே அளவில் விறைப்பாக நிற்பது போட்டோவில் தெரியும். சாதாரண ஒற்றை முடிச்சை ஒரு சாயங்காலத்தில் பழகிவிடலாம். மாலை போடும் வழக்கம் இருந்தால் இன்னொரு வெள்ளை ஷர்ட் கைவசம் வைத்துக்கொள்ளுங்கள், ஈர ரோஜாவின் கறை காலரில் ஏறிவிடும்.

கேள்வி: கோட் வாங்கி இருபது நாள் ஆகிறது. முதல் டிரை கிளீனிங்கிலேயே மார்புப் பக்கம் கொப்புளம் கொப்புளமாக எழும்பிவிட்டது. பில்லில் 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்று அச்சடித்திருக்கிறது. ஏதாவது செய்ய முடியுமா? (மதுரை வாசகர்)

பதில்: முடியும். உங்கள் கோட்டில் மேல்துணிக்கு அடியில் விறைப்புக்காக வைக்கும் உள்துணியைப் பசையால் ஒட்டியிருக்கிறார்கள். பசை விட்டதால் மேல்துணி எழும்பி நிற்கிறது. விலை குறைந்த கோட்கள் பெரும்பாலும் இப்படித்தான் செய்யப்படுகின்றன, நன்றாக ஒட்டியிருந்தால் வருடக்கணக்கில் தாங்கும். லேபிளில் டிரை கிளீனிங் செய்யலாம் என்று இருந்து, அதன்படியே செய்தும் பசை விட்டிருந்தால் அது பொருளின் குறை. சலவைக் கடைக்காரரிடம் எப்படிச் சுத்தம் செய்தார் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் இரண்டு கடையும் மாறி மாறிக் கைகாட்டும்.

2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளைப் பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுக்க மறுப்பது முறையற்ற வணிகம். பில்லில் அச்சடித்த ஒரு வரி அந்தப் பொறுப்பில் இருந்து கடையை விடுவிக்காது. ஆனால் கலர் பிடிக்கவில்லை, சைஸ் சரியில்லை என்பதெல்லாம் குறையில் சேராது, அதற்கு மாற்றித் தருவது கடையின் விருப்பம். உங்களுக்கு இன்னும் பத்து நாள் இருக்கிறது. லேபிளை வெட்டாமல், பில்லோடும் போட்டோக்களோடும் இந்த வாரமே கடைக்கு எழுத்தில் கொடுங்கள். பதில் இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். அதற்கும் நகரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை.