வீல்சேருக்கு வழி சொல்லும் வரைபடம்: கேள்வி பதில்

சரிவு, விளிம்பு, அகலம் பார்த்து நடைவழி சொல்லும் வரைபடங்களைப் பற்றிக் கேட்டவர்களுக்குப் பதில்கள். தன்னார்வலர்கள் சேர்ந்து எழுதும் ஓபன்ஸ்ட்ரீட்மேப் வரைபடத்தின் தரவில் ஓடும் கருவிகளை வைத்தே பேசுகிறேன். வழி தேடித்தரும் ஓபன்ரூட்சர்வீஸ் தளத்தில் உள்ள வீல்சேர் தேர்வு அவற்றில் ஒன்று. ‘விளிம்பு’ என்று நான் எழுதுவது, நடைபாதை முடிந்து சாலை தொடங்கும் இடத்தில் உள்ள உயர வேறுபாட்டை.

கையால் தள்ளும் வீல்சேர்க்காரர்: வரைபடம் 4% சரிவு என்றது. நேரில் பாதியில் நின்றுவிட்டேன். ஏன்?

அந்த 4% பெரும்பாலும் சராசரியாக இருக்கும். 100 மீட்டர் பாதை மொத்தம் 4 மீட்டர் ஏறுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் ஒரு 10 மீட்டர் மட்டும் 15% என்றால், அங்கேயே ஒன்றரை மீட்டர் ஏறியாகிவிட்டது. மீதி 90 மீட்டருக்கு 3 சதவீதம்கூட வராது. வரைபடம் சொன்ன கணக்கு சரிதான். உங்களை நிறுத்தியது அந்தப் பத்து மீட்டர்.

இன்னொரு காரணமும் உண்டு. பல கருவிகள் சரிவை யாரும் அளந்து எழுதியதிலிருந்து எடுப்பதில்லை, விண்ணிலிருந்து எடுத்த உயரத் தரவிலிருந்து கணக்கிடுகின்றன. அப்படிப்பட்ட ஒன்றான, விண்வெளி ஓடத்திலிருந்து ரேடாரால் எடுத்த எஸ்ஆர்டிஎம் தரவில் ஒரு கட்டம் சுமார் 30 மீட்டர். இரண்டு மீட்டர் நீளச் சாய்தளம் அதில் தெரியவே தெரியாது. கட்டடக் கூரையும் மர உச்சியும் அந்த உயரத்தில் கலந்திருக்கும். பாலத்தின் மேல் போகிறவருக்கு அடியில் ஓடும் ஆற்றின் உயரத்தைக் கொடுத்துவிடுவதும் நடக்கும். பாலம், சுரங்கப்பாதை, உயரக் கட்டடங்கள் நெருங்கிய தெரு, இந்த மூன்றிலும் சரிவு எண்ணை நம்பாதீர்கள்.

மின்சார வீல்சேர்க்காரர்: கையேட்டில் ‘6 வரை ஏறும்’ என்று இருக்கிறது. 6 என்று கொடுத்தால் ஊரையே சுற்றவைக்கிறதே?

கையேட்டில் இருப்பது டிகிரியா சதவீதமா என்று முதலில் பாருங்கள். 6 டிகிரி என்றால் ஏறக்குறைய 10.5%. வரைபடம் கேட்பது சதவீதம். உங்களுக்கு நேர்ந்தது நேரம் வீணானதோடு போயிற்று. இதே குழப்பம் தலைகீழாக நடந்தால் ஆபத்து: போனில் உள்ள சாய்வுமானி 8 டிகிரி காட்டும், ‘எட்டுதானே’ என்று ஏறிவிடுவார்கள். அது 14%. சாய்தளத்துக்கு உச்ச அளவாகப் பல விதிகள் சொல்லும் 1:12 என்பது 8.33%, டிகிரியில் 4.8 மட்டுமே.

இறக்கத்துக்குத் தனி எண் கேட்கும் கருவி என்றால் அதையும் நிரப்புங்கள். ஏறும்போது மோட்டார் திணறும், இறங்கும்போது பிரேக்கும் நாற்காலியின் எடைச் சமநிலையும் சோதிக்கப்படும். இரண்டும் வேறு வேறு. போன வழியே திரும்பி வரலாம் என்று எண்ணாமல், திரும்பும் வழியைத் தனியாகத் தேடுங்கள்.

நானே சரிவை அளக்க முடியுமா?

முடியும். கொத்தனார் வைத்திருக்கும் 60 செ.மீ. ரசமட்டமும் ஒரு டேப்பும் போதும். ரசமட்டத்தைச் சரிவின் போக்கிலேயே வையுங்கள். மேல்முனை தரையில் இருக்க, குமிழ் நடுவுக்கு வரும்வரை கீழ்முனையைத் தூக்குங்கள். தூக்கிய முனைக்கும் தரைக்கும் உள்ள இடைவெளியை அளங்கள். 3 செ.மீ. என்றால் 5%. 5 செ.மீ. என்றால் சரியாக 1:12. ஒரே இடத்தில் அளந்து நிறுத்தாமல், மிகச் செங்குத்தாகத் தெரியும் இடத்தைத் தேடி அளங்கள்.

பிறகு ரசமட்டத்தைப் பாதைக்குக் குறுக்கே திருப்பி வையுங்கள். 1.2 செ.மீ. இடைவெளி என்றால் குறுக்குச் சரிவு 2%. அதைத் தாண்டத் தாண்ட நாற்காலி சாலைப் பக்கமாக இழுக்கும். ஒரு கை தள்ள, மறு கை பிடித்து நிறுத்த வேண்டியிருக்கும். பெரும்பாலான வரைபடங்களில் இந்தக் குறுக்குச் சரிவு பதிவாகவே இல்லை. தோள் வலிக்காரர்கள் இதை மறக்கவே கூடாது.

கூகுள் மேப்ஸில் வீல்சேர் தேர்வு இருக்கிறதே, அது போதாதா?

அது பொதுப் போக்குவரத்து வழிகளுக்கானது. வழியில் உள்ள ஒவ்வொரு விளிம்பையும் அது உங்களுக்காகச் சோதிப்பதில்லை.

வழி முழுக்கப் பச்சைக் கோடு. நடுவில் விளிம்பு 15 செ.மீ. உயரம். வரைபடம் ஏன் பொய் சொன்னது?

அந்த விளிம்பைப் பற்றி வரைபடத்தில் ஒன்றுமே எழுதப்பட்டிருக்காது. எழுதாத இடத்தைக் கருவி ‘போகலாம்’ என்று எடுத்துக்கொண்டது. வெற்றிடம் சம்மதம் ஆகாது. இதைத்தான் முதல் எச்சரிக்கையாகச் சொல்வேன்.

மென்பொருள் எழுதுபவர்: ஏற்க மாட்டேன். தகவல் இல்லாத இடத்தையெல்லாம் அடைத்தால் பல ஊர்களில் ஒரு வழிகூட வராது. ‘வழி இல்லை’ என்று பார்த்தவர் வீட்டிலேயே உட்கார்ந்துவிடுவார். அது சரியா?

சரியில்லை. அடைக்கச் சொல்லவும் இல்லை. ஆனால் இரண்டு தவறுகளின் விலையும் ஒன்றல்ல. போகக்கூடிய வழியை ‘இல்லை’ என்றால் சுற்றிப் போவோம். போக முடியாததை ‘உண்டு’ என்றால், சாலையைக் கடந்து எதிர்ப்பக்கம் போய் விளிம்பில் முட்டி நிற்கிறோம். முதுகுக்குப் பின்னால் சிக்னல் மாறிவிடும்.

அவரே மீண்டும்: அப்படியானால் தெரியாத பகுதிக்குத் தண்டமாக (அபராதம்போல) கணக்கில் கூடுதல் தூரம் சேர்த்தால் போதுமே. கருவி தானாகவே தவிர்க்கும்.

தேடலுக்கு அது நல்ல முறை, நானும் ஆதரிக்கிறேன். ஆனால் தண்டம் சேர்த்த பிறகும் அந்தப் பகுதி வழியில் வந்துவிட்டால், திரையில் அதே பச்சைக் கோடுதானே? தெரியாத துண்டைப் புள்ளிக்கோடாகக் காட்டுங்கள். முடிவை நாற்காலியில் இருப்பவர் எடுக்கட்டும்.

இருவரும் சண்டையை நிறுத்துங்கள். இன்றைக்கு வெளியே போகிறவர் என்ன செய்ய வேண்டும்?

இருமுறை தேடுங்கள். முதலில், தகவல் பதிவான பாதைகள் மட்டும் என்ற தேர்வு இருந்தால் அதைப் போட்டு, விளிம்பு 3 செ.மீ., உங்கள் சரிவு, அகலம் எல்லாவற்றையும் கண்டிப்பாக வையுங்கள். பிறகு தளர்த்தித் தேடுங்கள். இரண்டு வழிகளும் எங்கே பிரிகின்றனவோ அங்கேதான் சந்தேகம். அந்த இடங்களை மட்டும் மேபில்லரி போன்ற தெருப்படங்களில் பாருங்கள். படம் எடுத்த தேதியையும் பாருங்கள். முழு வழியையும் படத்தில் பார்க்க வேண்டாம், பொறுமை போய்விடும்.

என் போன் 5 காட்டுகிறது. வரைபடத்தில் 5 என்று போடலாமா?

டிகிரி, சதவீதம். மேலே இரண்டாவது பதில்.

8 போட்டால் 1:8 தானே?

இல்லை. 1:8 என்பது 12.5%. மூன்றாம் முறையாகச் சொல்கிறேன், தயவுசெய்து மேலே உள்ளதைப் படித்துவிட்டு எண்ணைப் போடுங்கள்.

வெள்ளைக்கோல் பயன்படுத்துபவர்: விளிம்பே இல்லாத சமதளக் கடப்பு (சாலையைக் கடக்கும் இடம்) எனக்கு நல்லதா?

வீல்சேருக்கு நல்லது, உங்களுக்கு ஆபத்தாகலாம். சாலை தொடங்குவது கோலுக்குத் தெரியாது. அங்கே தொட்டுணர் தரை (காலுக்கும் கோலுக்கும் தெரியும் மேடுகள் உள்ள தரை) பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். வீல்சேர் தேர்வு சமதளத்தைத் தேடிப் போகும், ஆகவே அதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். இதற்கு மேல் நடமாட்டப் பயிற்சி தருபவரைக் கேளுங்கள். என் துறை அல்ல.

அகலம் 90 செ.மீ. என்றது, என் நாற்காலி 66. ஏன் மாட்டினேன்?

கம்பம். பாதையின் அகலத்தை எழுதியவர் நடுவில் நிற்கும் கம்பத்தைக் கழித்திருக்க மாட்டார். சக்கரத்துக்கு வெளியே கைமுட்டிக்கும் இடம் வேண்டும்.

வீல்மேப்பில் கடை பச்சை. ஆனால் அங்கே போகவே முடியவில்லையே?

ஒரு இடத்துக்குள் வீல்சேர் போகுமா என்று நிறத்தால் காட்டும் வரைபடம் வீல்மேப். அது இடத்தைச் சொல்கிறது, வழியைச் சொல்லவில்லை. பச்சை என்றால் வாசலில் படி இல்லை. மஞ்சள் என்றால் வாசலில் 7 செ.மீ. வரை ஒரு படி இருக்கலாம். பலருக்கு அதுவே தடை.

விளிம்பு உயரத்தை நானே வரைபடத்தில் சேர்ப்பது எப்படி?

ஆண்ட்ராய்டு போன் என்றால் ஸ்ட்ரீட்கம்ப்ளீட் செயலி எளிது. நீங்கள் நிற்கும் இடத்தில் விளிம்பின் உயரத்தைப் படங்களோடு கேட்கும், தொட்டால் போதும். கணினியில் செய்தால், நடைபாதைக் கோடு விளிம்பைத் தாண்டும் இடத்திலேயே புள்ளி வையுங்கள். கடப்பின் நடுவில் வைக்காதீர்கள். சமதளமா, 3 செ.மீ. அளவுக்குத் தாழ்த்தியதா, அதற்கு மேலா என்று குறியுங்கள். நடைபாதைக் கோடு கடப்புக் கோட்டோடு ஒரே புள்ளியில் சேர்ந்திருக்கிறதா என்று பெரிதாக்கிப் பாருங்கள். திரையில் தொட்டாற்போலத் தெரிந்தும் சேராமல் இருந்தால் கருவிக்கு அது துண்டான பாதை. ‘வழி இல்லை’ என்று வருவதற்குப் பலமுறை இதுவே காரணம். எதிர்ப்பக்க விளிம்பு வேறு உயரத்தில் இருக்கும். அதற்குத் தனிப் புள்ளி.