முதல் ரோல்பிளேயிங் கேம்: 320 பக்கத்தை மூடி வையுங்கள்

கேள்வி: நாங்கள் ஐந்து நண்பர்கள். மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு கேரக்டராகக் கதையை நகர்த்தும் டேபிள்டாப் ரோல்பிளேயிங் கேமை யாருமே இதுவரை ஆடியதில்லை. மற்றவர்கள் ஆடும் வீடியோக்களைப் பார்த்து ஆசை வந்தது. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விதிநூலை வாங்கினேன், 40 பக்கத்தைத் தாண்ட முடியவில்லை. எதில் தொடங்கினால் நல்லது? எப்படிக் கற்றுக்கொள்வது? இதற்கிடையில் ஒரு தோழி, "எனக்கு நடிக்கவெல்லாம் வராது" என்று தயங்குகிறாள்.

பதில்: 40 பக்கத்தில் நின்றது உங்கள் குறை இல்லை. நீங்கள் சொல்லும் ஆட்டத்தின் ஐந்தாம் பதிப்பு 2014-இல் வந்தபோது ஆடுபவர்களுக்கான நூலே 320 பக்கம், 2024-இன் திருத்தப் பதிப்பு 384. இதில் நடத்துபவருக்கான நூலும் பூதங்கள், விலங்குகளுக்கான நூலும் சேரவில்லை. 2014 நூலில் கால்வாசி மந்திரங்களின் விவரம் மட்டுமே. அகராதியை யாராவது 'அ'விலிருந்து படிப்பார்களா? இதுவும் தேவைப்படும்போது புரட்டுகிற நூல்தான்.

சரி, இந்த ஆட்டங்களில் உண்மையில் கற்க வேண்டியது என்ன? ஒரு சின்னப் பேச்சு முறை. ஒருவர் கேம் மாஸ்டர், சுருக்கமாக ஜி.எம். அவர் சூழ்நிலையைச் சொல்கிறார்: "கிடங்கின் கதவு பூட்டியிருக்கிறது. உள்ளே யாரோ இருமுகிறார்கள். என்ன செய்கிறீர்கள்?" ஒருவர், "பூட்டைக் கம்பியால் நெம்பிப் பார்க்கிறேன்" என்கிறார். நடக்குமா நடக்காதா என்பது சந்தேகம் என்றால் பகடை உருளும். சந்தேகமே இல்லையென்றால் ஜி.எம். "திறந்துவிட்டது" என்று சொல்லிவிட்டு மேலே போவார். பிறகு மறுபடியும் "என்ன செய்கிறீர்கள்?" இந்தச் சுற்று பழகிவிட்டால் எந்த ஆட்டத்தையும் ஒரு வாரத்தில் பிடித்துவிடலாம். பழகாதவரை எவ்வளவு படித்தாலும் மேசைக்கு வந்ததும் திணறல்தான்.

ஆட்டத்துக்கு ஆட்டம் மாறுவது பகடை உருளும் அந்த இடம். அதே பூட்டை மூன்று ஆட்டங்களில் நெம்பிப் பார்ப்போம்.

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸில் 20 முகப் பகடையை உருட்டி, வந்த எண்ணோடு கேரக்டரின் திறமை எண்ணைக் கூட்ட வேண்டும். திறமை 5, பூட்டின் கடினம் 15 என்றால் பகடையில் 10 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும். 55 சதவீத வாய்ப்பு.

கால் ஆஃப் கதுலு என்ற திகில் ஆட்டத்தில் கணக்கு இன்னும் வெளிப்படை. கேரக்டரின் திறமைகளை எழுதி வைக்கும் தாளான கேரக்டர் ஷீட்டிலேயே பூட்டுத் திறப்பதற்கு, உதாரணமாக, 40 என்று இருக்கும். இரண்டு 10 முகப் பகடைகளை உருட்டுவீர்கள், ஒன்று பத்துகளின் இடத்துக்கு, மற்றது ஒன்றுகளின் இடத்துக்கு. 40-ஓ அதற்குக் கீழோ வந்தால் திறந்தது. சதவீதம் தெரிந்தவருக்கு விளக்கமே வேண்டாம்.

டன்ஜன் வேர்ல்டில் இரண்டு சாதாரண ஆறு முகப் பகடைகள் போதும். கூட்டுத்தொகையோடு திறமையைச் சேர்த்து 10 அல்லது அதற்கு மேல் வந்தால் முழு வெற்றி, 6 அல்லது குறைவு என்றால் சிக்கல். 7 முதல் 9 வரைதான் சுவாரசியம்: பூட்டு திறக்கும், ஆனால் யாருக்காவது சந்தேகம் வரலாம், ஆபத்து நெருங்கலாம், அல்லது எதையாவது இழக்க வேண்டும். இந்த மூன்றில் இரண்டை ஜி.எம். முன்வைப்பார், எது என்று ஆடுபவர் தேர்ந்தெடுப்பார். திறமை 1 என்று வைத்தால் முழு வெற்றிக்கு 28 சதவீதம், சிக்கலுக்கும் 28, நடுவில் உள்ள பாதி வெற்றிக்கு 44. அதாவது அடிக்கடி வருவது 'ஆமாம், ஆனால்...' என்ற பதில். கதை தானாக ஓடும்.

இந்த மூன்றில் எது நல்லது என்று கேட்டால், உங்கள் முதல் மாலைக்கு மூன்றையுமே நான் சொல்ல மாட்டேன். லேசர்ஸ் அண்ட் ஃபீலிங்ஸ் என்று ஒன்று இருக்கிறது. ஜான் ஹார்ப்பர் 2013-இல் எழுதியது, இலவசம். முழு விதியும் ஒரே பக்கம். நீங்கள் ஒரு விண்கலத்தின் குழுவினர், கேப்டன் மயக்கத்தில் கிடக்கிறார், ஏதோ ஆபத்து வருகிறது. கேரக்டர் என்பது ஒரு பாணி, ஒரு வேலை, ஒரு குறிக்கோள், 2 முதல் 5 வரை ஓர் எண். அவ்வளவுதான். இயந்திரம், அறிவியல், நிதானம் சார்ந்த காரியம் என்றால் உங்கள் எண்ணுக்குக் கீழே உருட்ட வேண்டும். பேச்சு, உணர்ச்சி, ஆவேசம் என்றால் மேலே. எண் 4 என்று எடுத்தவருக்கு இயந்திரம் கைவந்த கலை, எதிரியைச் சமாதானப்படுத்துவது கஷ்டம். சரியாக 4 விழுந்தால் வெற்றியோடு ஜி.எம்.மிடம் ஒரு கேள்வி கேட்டு நேர்மையான பதில் வாங்கலாம். வழக்கமாக ஒரு பகடைதான், முன்னேற்பாடு இருந்தால் கூடுதலாக ஒன்று, அதில் கைதேர்ந்தவர் என்றால் இன்னொன்று. பத்து நிமிடத்தில் எல்லோரும் கேரக்டரோடு தயார்.

இதை இரண்டு மூன்று மணி நேரம் ஆடிப் பாருங்கள். அந்த ஒரு மாலையில் உங்கள் கூட்டத்துக்கு எது பிடிக்கிறது என்று தெரிந்துவிடும். சண்டை வந்ததும் எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்து வியூகம் வகுத்தார்களா? அப்படியானால் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் உங்களுக்குத்தான். கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் 1974-இல் வெளியிட்ட அந்த ஆட்டம், பொம்மைப் படைகளை வைத்து ஆடும் போர் விளையாட்டிலிருந்து பிறந்தது. அந்த ரத்தம் இன்னும் ஓடுகிறது, விதிகளில் பெரும்பங்கு சண்டைக்குத்தான். துப்பு துலக்குவதில் மூழ்கினார்களா? கால் ஆஃப் கதுலுவின் இலவச அறிமுக நூலில் பேய் பிடித்த வீடு ஒன்றைப் பற்றிய சாகசம், அதாவது ஆடுவதற்குத் தயாராக எழுதிய கதை, இருக்கிறது. 1981-இல் அந்த ஆட்டம் முதலில் வந்ததிலிருந்து புதியவர்களுக்கு அதையே கொடுத்து வருகிறார்கள், இன்றும் வேலை செய்கிறது. ஒருவரையொருவர் வம்பில் மாட்டிவிட்டுச் சிரித்தார்கள் என்றால் டன்ஜன் வேர்ல்ட் பக்கம் போங்கள்.

வாங்கிய நூல் வீணாகாது. அதை ஆடப் போகும் நாளில் கேரக்டர்களின் ஆரம்பக் கட்டமான ஒன்றாம் நிலையில் தொடங்குங்கள், தயாராக எழுதி வைத்த கேரக்டர்களைக் கொடுங்கள். தொடக்கப் பெட்டிகளில் அவை சாகசத்தோடு சேர்ந்தே வரும். மந்திரவாதி வேண்டும் என்று யாராவது அடம்பிடித்தால் கொடுத்துவிடலாம், ஆனால் அவருடைய மந்திரங்களை மட்டும் அவரே முன்கூட்டிப் படித்து வரட்டும். போர்வீரனுக்கும் திருடனுக்கும் படிக்க வேண்டியது மிகக் குறைவு. அடிப்படை விதிகள் இணையத்தில் சட்டப்படியே இலவசமாகக் கிடைப்பதால் ஐந்து பேரும் புத்தகம் வாங்கத் தேவையில்லை.

ஜி.எம். யார்? ஆசைப்பட்டு நூல் வாங்கியவர் நீங்கள், ஆகவே நீங்களேதான். பயப்படாதீர்கள். நான் முதல்முறை நடத்தியபோது ஓர் அரச வம்சத்தின் மூன்று தலைமுறை வரலாற்றைப் பத்துப் பக்கத்துக்கு எழுதிக்கொண்டு போனேன். ஆடியவர்கள் ஆற்றைக் கடக்கப் படகோட்டியிடம் கூலி பேரம் பேசினார்கள். பேசினார்கள், பேசினார்கள், ஒரு மணி நேரம் போய்விட்டது. அந்தப் படகோட்டிக்கு நான் பெயர்கூட வைத்திருக்கவில்லை. வம்சத்தை அன்று யாரும் கேட்கவில்லை, அப்புறமும் கேட்கவில்லை. இப்போதெல்லாம் அரைப் பக்கம்தான் எழுதுகிறேன்: யாருக்கு என்ன வேண்டும், யாரும் தடுக்காவிட்டால் என்ன நடக்கும், அவசரத்துக்கு எடுத்துக்கொள்ள ஆறு பெயர்கள். பெயர்கள்தான் மிகவும் உதவுகின்றன.

புதிய ஜி.எம். எல்லோரும் செய்கிற ஒரு தவறு உண்டு. பூட்டு திறந்தால்தான் கதை நகரும் என்று வைத்துவிட்டு, பகடையையும் உருட்டச் சொல்வார்கள். 3 விழும். "திறக்கவில்லை." அடுத்தவர் முயல்வார், 5. "திறக்கவில்லை." மேசையே மௌனம். எந்த ஆட்டமானாலும் தோல்விக்கு ஒரு விளைவு கொடுங்கள். கம்பி உடைந்து பூட்டுக்குள் மாட்டிக்கொண்டது, உள்ளே இருமல் நின்றுவிட்டது, யாரோ கதவை நோக்கி நடந்து வருகிறார்கள். தோற்றவருக்கும் இப்போது செய்ய ஏதோ இருக்கிறது. அப்படி ஒரு விளைவு தோன்றவில்லை என்றால் பகடையைத் தொடவே வேண்டாம்.

ஆட்டத்தின் நடுவில் விதி மறந்தால் நூலைப் புரட்டி எல்லோரையும் காக்க வைக்காதீர்கள். ஒரு நிமிடத்துக்குள் நியாயமாக ஒன்றை முடிவு செய்து, குறித்து வைத்து, பிறகு சரிபாருங்கள். தொடங்குமுன், கதையில் எது வரவே கூடாது என்று எல்லோரிடமும் கேட்டுவிடுங்கள். ஒருவருக்குச் சிலந்தி, ஒருவருக்குக் குழந்தைகள் துன்பப்படுவது. திகில் ஆட்டம் என்றால் இதைத் தவிர்க்கவே கூடாது. நூல் ஆங்கிலத்தில் இருந்தாலும் மேசையில் பேசுவது தமிழாகவே இருக்கட்டும். விதியின் பெயர்களை மட்டும் அப்படியே வைத்துக்கொண்டால் போதும்.

கடைசியாக, தோழி. இந்த ஆட்டங்களை ஆடிக் காட்டும் கிரிட்டிக்கல் ரோல் போன்ற இணைய நிகழ்ச்சிகளில் ஆடுபவர்கள் பலர் தொழில்முறை நடிகர்கள். அதைப் பார்த்துவிட்டு நமக்கு வராது என்று நினைப்பது இயல்பு. குரல் மாற்றிப் பேச எந்த விதியும் சொல்லவில்லை. "என் கேரக்டர் காவலாளியிடம் பொய் சொல்லித் தப்பிக்கப் பார்க்கிறாள்" என்று சொன்னால் அதுவே முழுமையான ஆட்டம். என்ன பொய் என்று மட்டும் கேளுங்கள், எப்படிச் சொன்னாள் என்று கேட்க வேண்டாம். லேசர்ஸ் அண்ட் ஃபீலிங்ஸில் அவளைக் கலத்தின் பொறியாளராக்குங்கள். முதல் காட்சியிலேயே எஞ்சின் அறையின் கதவு அடைத்துக்கொள்ளட்டும், உள்ளே புகை. அவளைப் பார்த்து "என்ன செய்கிறாய்?" என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை மற்ற மூன்று பேரையும் வாய் திறக்க விடாதீர்கள்.