லாட்ஜ் வெப்சைட்டுக்கு அணுகல்தன்மை அறிக்கை எழுதுவது எப்படி?

கேட்டவர் வேலூரில் சின்னதாக ஒரு லாட்ஜ் நடத்துகிறார். மாற்றுத்திறனாளிகள் தளத்தை எந்த அளவுக்குப் பயன்படுத்த முடியும் என்று சொல்லும் அணுகல்தன்மை அறிக்கை ஒன்றை வெப்சைட்டில் போடச் சொல்கிறார்களாம், மாதிரி இருந்தால் கொடுங்கள் என்கிறார்.

மாதிரி இருக்கிறது. ஆனால் எடுத்து அப்படியே ஒட்டிவிடாதீர்கள். நான் ஒட்டி அவமானப்பட்டவன்.

சத்துவாச்சாரியில் உட்கார்ந்து கடைகளுக்கும் லாட்ஜ்களுக்கும் வெப்சைட் செய்து கொடுப்பதுதான் என் பிழைப்பு. சில வருடங்களுக்கு முன், ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் தங்கும் ஒரு லாட்ஜுக்கு, வெளிநாட்டுத் தளம் ஒன்றின் அறிக்கையைத் தமிழாக்கிப் போட்டேன். 'டபிள்யூசிஏஜி 2.1, ஏஏ நிலைக்கு முழு இணக்கம்' என்று அதில் ஒரு வரி. டபிள்யூசிஏஜி என்பது வெப்சைட்டை மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தும்படி செய்வதற்கான உலக நெறிமுறை; ஏஏ அதன் மூன்று நிலைகளில் நடுவில் உள்ளது. ஏஏ என்றால் என்னவென்றே எனக்கு அப்போது தெரியாது. ஒரு மாதம் போனது. குடியாத்தத்திலிருந்து பார்வையற்ற தம்பி ஒருவர் கூப்பிட்டார். "அண்ணா, உங்க அறிக்கைய முழுசா கேட்டேன், நல்லா இருக்குது. ரூம் மட்டும் புக் பண்ண முடியல."

அடுத்த வாரம் காட்பாடியில் ஒரு டீக்கடையில் அவரோடு உட்கார்ந்தேன். போனில், திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் டாக்பேக்கைப் போட்டுக் காட்டினார். வாடகைப் பட்டியலை நான் படமாகப் போட்டிருந்தேன். போன் "படம்" என்று சொல்லிவிட்டு நகர்ந்தது. தேதி பிடிக்கும் காலண்டரில் விரலை நகர்த்தினால் "பட்டன், பட்டன், பட்டன்". தலைப்புகள் எல்லாம் பழைய டிடிபி ஃபான்டில் அடித்தவை. பார்க்கத் தமிழ், உள்ளே இருப்பதோ ஆங்கில எழுத்துகள். போன் அதைப் பேய் பிடித்த மாதிரி வாசித்தது. பக்கத்து மேசைக்காரர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆகவே முதல் வேலை சோதனை. ஆண்ட்ராய்டு போனில் டாக்பேக், விண்டோஸ் கம்ப்யூட்டரில் அதே வேலையைச் செய்யும் என்விடிஏ, இரண்டும் இலவசம். கண்ணை மூடிக்கொண்டு உங்கள் தளத்தில் நீங்களே ஒரு ரூம் புக் செய்து பாருங்கள். மவுஸைத் தொடாமல் டேப் கீயை மட்டும் வைத்து ஒருமுறை. தமிழ் எல்லாம் பழைய ஃபான்டில் இல்லாமல் யூனிகோடில் இருக்கிறதா, பக்கத்தின் மொழி தமிழ் என்று எச்டிஎம்எல்லில் குறித்திருக்கிறதா, எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5:1 நிற வேறுபாடு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

பிறகு எழுதலாம். அந்த நெறிமுறையை வெளியிடும் டபிள்யூ3சி அமைப்பின் தளத்தில் கேள்விகளுக்குப் பதில் நிரப்பினால் அறிக்கை தயாரித்துத் தரும் கருவி இருக்கிறது, காசு கிடையாது. எந்த நெறிமுறை, எந்த நிலை என்று கேட்கும். இப்போது டபிள்யூசிஏஜியின் 2023இல் வந்த 2.2 பதிப்பு இருக்கிறது, அதை வைத்தே சோதியுங்கள். முழு இணக்கமா, பகுதி இணக்கமா, இணக்கமே இல்லையா என்றும் கேட்கும். நம்மைப் போன்றவர்களுக்குப் பெரும்பாலும் 'பகுதி'தான், வெட்கப்பட ஒன்றுமில்லை. யார் சோதித்தது, எந்தத் தேதியில் என்பதையும் போடுங்கள்.

உயிர்நாடி அடுத்த பகுதி: என்னென்ன வேலை செய்யவில்லை, அதற்குப் பதில் என்ன வழி. இதை எழுதியபோது லாட்ஜ் ஓனர் கொதித்துவிட்டார். "இன்னாப்பா, நம்ம கொறைய நாமளே எழுதி வச்சா எவன் வருவான்?" நோயாளியை அழைத்துக்கொண்டு கொல்கத்தாவிலிருந்து இரண்டு நாள் ரயிலில் வருகிறவர், வந்து இறங்கிய பிறகா தெரிந்துகொள்வார் என்று கேட்டேன். முனகிக்கொண்டே ஒத்துக்கொண்டார். நாங்கள் எழுதியது இவ்வளவுதான்: 'தேதி தேர்வு செய்யும் காலண்டர் திரைவாசிப்பானில் சரியாக வேலை செய்யாது. போன் அல்லது வாட்ஸ்அப்பில் தேதியைச் சொன்னால் நாங்களே பதிவு செய்கிறோம்.' கீழே ரிசப்ஷன் நம்பர், எத்தனை நாளில் பதில் சொல்வோம் என்பது. எடுக்காத நம்பரைப் போடுவதற்குப் போடாமலே இருக்கலாம்.

இந்த வெப்சைட் அறிக்கையை ரூம்களைப் பற்றிய குறிப்போடு குழப்ப வேண்டாம், ஆனால் அதுவும் பக்கத்திலேயே இருக்கட்டும். 1954 விபத்தில் கால்கள் செயலிழந்த பிறகும், சக்கர நாற்காலியில் இருந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்த டாக்டர் மேரி வர்கீஸின் ஊர் இது. இங்கே ஒரு லாட்ஜ், வாசலில் மூன்று படி என்பதையும் பாத்ரூம் கதவின் அகலத்தையும் சொல்லாமல் விடுவது சரியில்லை.

சட்டம் கேட்டீர்கள் என்றால்: 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 46ஆம் பிரிவு தனியார் சேவைகளையும் சேர்த்துத்தான் பேசுகிறது. 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் டிஜிட்டல் அணுகலை அரசியலமைப்பின் 21ஆம் பிரிவின் வாழும் உரிமையோடு சேர்த்துவிட்டது. ஒரு வரி புரோகிராம் கோடை வெப்சைட்டில் ஒட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்று விட்ஜெட் விற்பவர்களை நம்பாதீர்கள். அமெரிக்க வர்த்தக ஆணையம் 2025இல் அப்படிச் சொன்ன ஒரு கம்பெனியை 10 லட்சம் டாலர் கட்ட வைத்தது.

எங்கள் காலண்டர் இன்னும் சரியாகவில்லை. அந்த வரி அறிக்கையில் அப்படியே இருக்கிறது, தேதியை மட்டும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றுகிறேன். குடியாத்தம் தம்பி வாட்ஸ்அப்பில்தான் ரூம் போடுகிறார்.