வகுப்பில் வந்த கேள்வி

அன்புள்ள ஐயா,

பல்கலைக்கழகத்தில் புள்ளியியல் உதவிப் பேராசிரியராகச் சேர்ந்து இது இரண்டாம் வருடம். வகுப்பு, விடைத்தாள், குழுக் கூட்டம் என்று வாரம் ஓடிவிடுகிறது. பாடம் நடத்தியே ஆராய்ச்சிக்கு நேரம் இல்லாமல் போகிறது. இந்தியப் புள்ளியியல் மேதை சி. ஆர். ராவ் 1945இல் எழுதிய கட்டுரைக்கு 2023இல், அவருடைய 102ஆம் வயதில்தான் புள்ளியியலின் சர்வதேசப் பரிசு வந்தது. இதற்காகவா இவ்வளவு பாடு? பேசாமல் கம்பெனி வேலைக்குப் போய்விடலாமா?

ஒரு வாசகன்

அன்புள்ள தம்பிக்கு,

கம்பெனிக்குப் போனால் தப்பே இல்லை. வீட்டு வரவு செலவைப் பார்த்து நீங்கள்தான் முடிவு செய்யவேண்டும். பரிசு விஷயத்தை விடுங்கள். அந்தப் பரிசே அண்மையில் வந்ததுதான்.

ஆனால் 'பாடம் நடத்தியே' என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் சுருக்கென்றது. ராவின் பெயரைச் சொன்ன கையோடு இதை எழுத எப்படி மனம் வந்தது? நீங்கள் சொல்லும் அந்தக் கட்டுரை பிறந்ததே வகுப்பறையில்தான்.

ராவே பிற்பாடு சொன்னது இது. 1944இல் கல்கத்தா பல்கலைக்கழகத்தில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தார். அப்போது முனைவர் பட்டம்கூடக் கிடையாது. அதைப் புள்ளியியலின் முன்னோடி ஆர். ஏ. ஃபிஷரிடம் ஆய்வு செய்து 1948இல்தான் கேம்பிரிட்ஜில் வாங்கினார். அன்றைய பாடம் ஃபிஷரின் முடிவு ஒன்று. மாதிரி, அதாவது பெரிய கூட்டத்திலிருந்து எடுத்துப் பார்க்கும் பகுதி, பெருகிக்கொண்டே போனால் அதை வைத்துப் போடும் ஒரு மதிப்பீடு எவ்வளவு துல்லியமாக முடியும் என்பது. சரி, மாதிரி சிறியதாக இருந்தால் என்ன ஆகும் என்று தண்டேகர் என்ற மாணவர் கேட்டார். ராவிடம் பதில் இல்லை. இரவெல்லாம் உட்கார்ந்து போட்டுப் பார்த்தார். மறுநாள் பதில் இருந்தது.

அதுதான் நீங்கள் கரும்பலகையில் எழுதும் கிராமர்–ராவ் சமனின்மை. ஒருபக்கம் சாயாத மதிப்பீடு எதுவானாலும் அதன் சிதறல் (மாதிரிக்கு மாதிரி அது முன்பின் விலகுவது) ஓர் அளவுக்குக் கீழே இறங்காது. தரவில் தகவல் கூடக்கூட அந்த அளவு குறையும், அவ்வளவுதான். எப்பேர்ப்பட்ட சூத்திரம் போட்டாலும் தரவில் இல்லாததைக் கறக்க முடியாது. (ஸ்வீடனின் கிராமர் தனியாக இதையே கண்டதால் இரட்டைப் பெயர்.) ஒரு மதிப்பீட்டை மேலும் துல்லியமாக்க வழி சொல்லும் ராவ்–பிளாக்வெல் தேற்றத்தின் வேரும் அதே கட்டுரையில்தான் இருக்கிறது.

எனக்கும் ஒருவர் புள்ளியியல் எடுத்தார். ஆராய்ச்சியில் பேர் வாங்கியவர். மாதிரியின் சிதறலைக் கணக்கிடும்போது எண்ணிக்கையில் ஒன்றைக் கழித்துவிட்டு ஏன் வகுக்கிறோம் என்று கேட்டேன். பலகையிலிருந்து திரும்பாமலே, "பரீட்சைக்கு வராது, உட்கார்" என்றார். சராசரியையும் அதே மாதிரியிலிருந்து எடுப்பதால் சிதறல் உள்ளதைவிடக் குறைந்தே தெரியும், ஒன்றைக் கழித்து அதைச் சரிக்கட்டுகிறோம் என்று பின்னால் நானாகப் படித்துத் தெரிந்துகொண்டேன். இரண்டு நிமிடத்தில் சொல்லியிருக்கலாம். அதன்பிறகு அந்த வகுப்பில் யாரும் வாயைத் திறக்கவில்லை. அவருக்கும் நேரம் மிச்சமானது. அந்த மிச்சத்தில் என்ன எழுதினாரோ!

விடைத்தாள் சலிப்புதான். குழுக் கூட்டம் வீண்தான். வகுப்பை அவற்றோடு சேர்த்துக் கட்டாதீர்கள். உங்கள் சக ஆய்வாளர்கள் நீங்கள் படித்ததையே படித்தவர்கள். எதைக் கேட்டால் அசட்டுத்தனம் என்று பழகிப்போனவர்கள். இருபது வயதுப் பையனுக்கு அந்தப் பயம் இன்னும் முழுதாக வரவில்லை. வருவதற்குள் அவனைக் கேட்கவிடுங்கள். கேட்ட தண்டேகரும் சும்மா போய்விடவில்லை. பொருளாதார அறிஞரானார், நீலகண்ட ராத்துடன் சேர்ந்து இந்திய வறுமை பற்றி அவர் எழுதிய 1971ஆம் வருட ஆய்வைத் தேடிப் படியுங்கள்.

இத்தனை புலம்பினீர்களே, எந்தப் பாடம் எடுக்கிறீர்கள், பிள்ளைகள் என்ன கேட்கிறார்கள் என்று கடிதத்தில் ஒரு வரிகூட இல்லையே. அதை எழுதி அனுப்புங்கள்.