காரைக்குடியில் பத்திரிகை ஆசிரியராக இருப்பவர் எம்.பி. ஆக என்ன வழி?

இரண்டு வாசல். மக்களவை என்றால் வயது 25, சிவகங்கைத் தொகுதி. மாநிலங்களவைக்கு 30, எம்.எல்.ஏ.க்கள் ஓட்டு. 'விடுதலை', 'திராவிட நாடு' ஆசிரியராக இருந்த அண்ணா 1962-இல் இரண்டாவது வழியாகத்தான் டெல்லி போனார். கட்சி பலம் இல்லாமல் அது நடக்காது.

மக்களவைக்குச் சுயேச்சையாக நின்றால் டெபாசிட் ரூ.25,000, முன்மொழிய 10 பேர். வழுக்குவது இங்கேதான். பத்துப் பேரும் சிவகங்கைத் தொகுதி வாக்காளர்களாக இருக்க வேண்டும். திருமயத்துக்காரர் புதுக்கோட்டை மாவட்டமானாலும் செல்லும். புதுக்கோட்டை டவுன்காரர் செல்லாது, அது திருச்சித் தொகுதி. ஒரு கையெழுத்து தவறினாலும் மனு தள்ளுபடி. ஆகவே இரண்டு மூன்று செட் போட்டு வையுங்கள், நான்கு வரை அனுமதி.

வேட்புமனுவோடு தரும் பிரமாணப் பத்திரமான படிவம் 26-இல் நிலுவை வழக்குகளை எழுதும்போது, செய்திக்காகப் போடப்பட்ட கிரிமினல் அவதூறு வழக்கையும் சேருங்கள். ஆசிரியர்கள் 'அது தொழில் வழக்குதானே' என்று விட்டுவிடுவது வழக்கம். எந்தக் கட்டத்தையும் காலியாக விடாதீர்கள். 'இல்லை' என்றாவது எழுதுங்கள்.