போஸ்ட்ஃபிக்ஸை சோர்ஸிலிருந்து கம்பைல் செய்யத்தான் வேண்டுமா?

கேள்வி: இருபது பேர் வேலை செய்யும் அலுவலகம் எங்களுடையது. உபுண்டு 22.04 சர்வரில் போஸ்ட்ஃபிக்ஸ் என்ற மெயில் சர்வர் மென்பொருள் ஓடுகிறது. பயனர் பட்டியலை மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸுக்கு மாற்றினால் ‘அன்சப்போர்ட்டட் டிக்‌ஷனரி டைப்: மைஎஸ்கியூஎல்’ என்று லாகில் வருகிறது. “உபுண்டு தரும் ரெடிமேட் பேக்கேஜ் அரைகுறை, வெர்ஷனும் பழசு. சோர்ஸிலிருந்து, அதாவது மூல நிரலிலிருந்து, கம்பைல் செய்து போட்டுத் தருகிறோம், ஏஎம்சி (வருடாந்தரப் பராமரிப்பு ஒப்பந்தம்) எடுங்கள்” என்கிறார் சர்வீஸ்காரர். எடுக்கலாமா?

பதில்: வேண்டாம். உங்களிடம் இல்லாதது ஒரே ஒரு பேக்கேஜ். மைஎஸ்கியூஎல் இணைப்பை உபுண்டு தனியாகப் பிரித்து வைத்திருக்கிறது. ‘சூடோ ஆப்ட் இன்ஸ்டால் போஸ்ட்ஃபிக்ஸ்-மைஎஸ்கியூஎல்’ கொடுத்துவிட்டு, ‘போஸ்ட்கான்ஃப் -எம்’ அடித்துப் பாருங்கள். பட்டியலில் மைஎஸ்கியூஎல் வந்திருக்கும். இதை அந்த எரர் செய்தியிலேயே ஒரு வரியில் சொல்லித் தொலைத்திருந்தால் எத்தனையோ பேருக்குப் பணம் மிச்சமாகியிருக்கும்!

அடுத்து ஒரு சிக்கல் வரும், தயாராக இருங்கள். மைஎஸ்கியூஎல் விவரம் எழுதும் கோப்பில் ‘ஹோஸ்ட்ஸ்’ வரியில் லோக்கல்ஹோஸ்ட் என்று போடாதீர்கள், 127.0.0.1 என்றே போடுங்கள். லோக்கல்ஹோஸ்ட் என்றால், ஒரே கணினிக்குள் இணையப் பயன்படும் சாக்கெட் கோப்பைத் தேடும். உபுண்டுவில் மெயிலை வாங்கும் புரோகிராம் மெயில் வரிசையை வைக்கும் ஸ்பூல் ஃபோல்டருக்குள் அடைபட்டு ஓடுவதால், வெளியே இருக்கும் அந்தக் கோப்பு அதன் கண்ணுக்குத் தெரியாது. ‘போஸ்ட்மேப் -க்யூ’ போட்டுச் சோதித்தால் சரியான பதில் வரும், ஏனென்றால் அது வெளியிலிருந்து ஓடுகிறது. மெயில் மட்டும் 451 (தற்காலிகத் தோல்வி) எரரோடு நின்றுவிடும். “பார்த்தீர்களா, பேக்கேஜே கோளாறு” என்று சர்வீஸ்காரர் கை காட்டுவது இங்கேதான்.

‘வெர்ஷன் பழசு’ என்ற மிரட்டலையும் நம்பாதீர்கள். போஸ்ட்ஃபிக்ஸின் 3.6.4 என்ற வெர்ஷன் எண்ணை மாற்றாமலேதான் உபுண்டு பாதுகாப்புத் திருத்தங்களை உள்ளே சேர்க்கிறது. 2023 டிசம்பரில் வெளிவந்த எஸ்எம்டிபி ஸ்மக்லிங் (போலி மெயிலை நுழைய விடும்) ஓட்டைக்கான திருத்தமும் அப்படித்தான் வந்தது. ‘ஆப்ட் சேஞ்ச்லாக் போஸ்ட்ஃபிக்ஸ்’ அடித்தால் தெரியும். ஆனால் அது தானாக வேலை செய்யாது, போஸ்ட்ஃபிக்ஸின் அமைப்புக் கோப்பான மெயின்.சிஎஃப்-இல் ‘எஸ்எம்டிபிடி_ஃபர்பிட்_பேர்_நியூலைன் = யெஸ்’ என்று நீங்கள்தான் சேர்க்க வேண்டும். எண்ணை மட்டும் பார்த்து ரிப்போர்ட் எழுதும் ஆடிட்டர்கள் இதைக் கவனிப்பதே இல்லை.

சோர்ஸிலிருந்து போட்டால் தானியங்கி அப்டேட் கிடையாது. ஆப்ஷன் கொடுக்காமல் கம்பைல் செய்தால், மெயிலை மறையாக்கி அனுப்பும் டிஎல்எஸ்ஸே இருக்காது. பழைய பேக்கேஜை நீக்காமல் மேலேயே ‘மேக் இன்ஸ்டால்’ (கம்பைல் செய்ததை நிறுவும் கட்டளை) போட்டிருந்தால், அடுத்த அப்டேட்டில் சில கோப்புகள் பழையதாகவும் சில புதியதாகவும் கலந்துவிடும். கம்பைல் செய்தவர் அப்போது போனை எடுக்க மாட்டார்.

உபுண்டு சேர்க்காத ஒரு பேட்ச் (நிரல் திருத்தம்) கட்டாயம் தேவை என்றால் மட்டும் விதிவிலக்கு. அப்போதும் நேராக ‘மேக் இன்ஸ்டால்’ வேண்டாம். சோர்ஸ் பட்டியலில் டெப்-எஸ்ஆர்சி வரியைத் திறந்து, ‘ஆப்ட் பில்ட்-டெப்’, ‘ஆப்ட் சோர்ஸ்’ கொடுத்து, பேட்சைச் சேர்த்து, ‘டிபிகேஜி-பில்ட்பேக்கேஜ்’ மூலம் உபுண்டு பேக்கேஜ் வடிவமான டெப் கோப்பாகவே கட்டச் சொல்லுங்கள். வெர்ஷன் எண்ணுக்குப் பின்னால் உங்கள் அடையாளம் ஒன்று இருக்கட்டும். கட்டிய எல்லா போஸ்ட்ஃபிக்ஸ் பேக்கேஜ்களுக்கும் ‘ஆப்ட்-மார்க் ஹோல்டு’ போட்டு அப்டேட்டை நிறுத்திவைக்க வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த அப்டேட் உங்கள் பேட்சை அழித்துவிடும். ஹோல்டு போட்ட பிறகு உபுண்டு திருத்தம் வெளியிடும் ஒவ்வொரு முறையும் யாராவது உட்கார்ந்து மறுபடி கட்டியாக வேண்டும். அந்த வேலை ஏஎம்சியில் எழுத்தில் இருக்கிறதா என்று பார்த்த பிறகே கையெழுத்துப் போடுங்கள்.