வட்டக்கச்சியில் புதினம் இல்லையா?

கேள்வி: ரொறன்ரோவிலிருந்து அண்ணா, அண்ணி, பிள்ளைகள் விடுமுறைக்கு வந்து நல்லூர்த் திருவிழாவும் பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். போனதிலிருந்து குடும்ப வட்ஸ்அப் குறூப்பில், “என்ன புதினம், நீ ஒன்றும் போடுகிறாய் இல்லை” என்று அண்ணா ஒரே கேள்வி. எதைப் போடுவது? சிறுபோக நெல் வெட்டியாயிற்று, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம், கிணறு இறங்கிவிட்டது, அம்மா இப்போது கிணற்றடிக்குப் போவதில்லை, நான்தான் அள்ளி வைக்கிறேன். அவர்கள் ஏரிக்கரையில் இறைச்சி வாட்டிச் சாப்பிடும் படங்கள் போடுகிறார்கள். நாங்கள் மாட்டுக் கொட்டிலையா போடுவது? காலை வணக்கப் படத்தோடு நிறுத்திக்கொண்டால் என்ன?
– ஒரு வாசகி, வட்டக்கச்சி, கிளிநொச்சி

பதில்: முதலில் அந்தக் காலை வணக்கத்தை நிறுத்துங்கள். ஆறு மணிக்கு நீங்கள் அனுப்பும் ரோசாப்பூ, ரொறன்ரோவில் முதல் நாள் இரவு எட்டரைக்குப் போய் இறங்குகிறது.

புதினம் இல்லை என்று எழுதிய கடிதத்திலேயே அண்ணா கேட்டது எல்லாம் இருக்கிறது. அதிலும் பெரிய புதினத்தைப் போகிற போக்கில் கிணற்றோடு சேர்த்துச் சொல்லிவிட்டீர்கள். அம்மா ஏன் கிணற்றடிக்குப் போவதில்லை?

உங்கள் பக்கத்துக் கிணறுகள் இரணைமடுக் குளத்து வாய்க்காலை நம்பியவை. சிறுபோகத்துக்குத் தண்ணீர் ஓடும்வரை ஊற்றுக்குக் குறைவிருக்காது. வாய்க்கால் பூட்டினால் ஆவணி, புரட்டாதியில் மளமளவென்று இறங்கும். கயிறு எட்டாமல் இன்னொரு துண்டை முடிந்துவிட, அந்த முடிச்சுக் கப்பியில் சிக்கும். ஒவ்வொரு வாளிக்கும் ஒரு குலுக்குக் குலுக்கித்தான் இறக்க வேண்டும். அந்தக் குலுக்கலை அம்மாவின் தோள் தாங்கவில்லையா, கிணற்றுக் கட்டடியில் நிற்க முழங்கால் விடவில்லையா? அண்ணா வந்து நின்ற நாட்களில் அவருக்கு இது தெரிந்திருக்காது. வெளிநாட்டிலிருந்து பிள்ளை வந்து நிற்கும்போது எந்தத் தாயும் நொண்டிக் காட்டமாட்டார்.

சிறுபோகத்தையும் ‘வெட்டியாயிற்று’ என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டீர்கள். ஏக்கருக்கு எத்தனை மூடை? வயலிலேயே பச்சை நெல்லாக வியாபாரிக்குக் கொடுத்தீர்களா, றோட்டோரம் படங்கு விரித்துக் காயப்போட்டீர்களா? இரணைமடுவின் கீழ் சிறுபோகம் என்பது நினைத்தவர் நினைத்தபடி விதைக்கிற போகமில்லை. குளத்தில் நிற்கும் தண்ணீரைப் பார்த்து, கூட்டம் வைத்து, இவ்வளவு ஏக்கர்தான் என்று தீர்மானித்துப் பங்கு பிரிப்பது. இந்த முறை உங்கள் வீட்டுக்கு எவ்வளவு கிடைத்தது என்பது அந்த வயல் வரம்பில் ஓடித் திரிந்தவருக்குச் சின்னச் சங்கதியா?

யுத்தத்தில் பூட்டியிருந்த ஏ9 பாதை 2002 இல் திறக்கும்வரை வன்னியிலிருந்து வெளிநாட்டுக்கு ஒரு கடிதம் போய்ச் சேர எத்தனை மாதம் பிடித்தது என்று அம்மாவிடம் கேளுங்கள். பொருளாதாரத் தடைக் காலத்தில் கொப்பித்தாளில், ஓரமும் விடாமல் எழுதினார்கள். அதில் என்ன இருந்தது? பசு கன்று போட்டது, முன்வளவு மா காய்த்தது, மாமிக்குக் காய்ச்சல் வந்து மாறியது. தாள் தட்டுப்பாட்டில் எழுதத் தகுந்ததாக இருந்தவை, டேற்றா இருக்கும்போது தகாதவையாகிவிட்டன!

கொட்டிலைக் காட்டக் கூச்சம் என்பது விளங்குகிறது. கஷ்டத்தைச் சொன்னால் காசு கேட்பதாக நினைப்பார்களோ என்ற தயக்கமும் இருக்கலாம். நீங்கள் அப்படி எழுதவில்லை, நானாகத்தான் சொல்கிறேன். இருந்தால் அதையும் விடுங்கள். அம்மா உங்களுக்கு மட்டும் அம்மா இல்லை. கிணற்றுக்கு ஒரு மோட்டர் வாங்க அண்ணா பங்கு போட்டால் அது உதவி அல்ல, அவருடைய கடமை. போடாவிட்டால் அதுவும் தெரிந்துவிடும்.

அந்த ஏரிக்கரைப் படங்களையும் பெரிதாக எடுக்க வேண்டாம். அவை அவருடைய தேர்த்திருவிழா. அங்கேயும் கோடை முடிகிறது. செப்ரெம்பர் முதல் திங்கள் தொழிலாளர் தினம், அது கழிந்தால் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம், பெரியவர்களுக்கு இருட்டோடு எழும்பி வேலைக்கு ஓட்டம். அதையெல்லாம் அவரும் போடுவதில்லை என்பதைக் கவனித்தீர்களா? “என்ன புதினம்” என்று நீங்களும் ஒருமுறை திருப்பிக் கேட்கலாம்.

சரி, இன்றிரவு ஒரு குரல் பதிவு அனுப்புங்கள். அம்மாவைப் பேசவிடாதீர்கள், “நான் நல்லாய் இருக்கிறன் மோனை” என்று சொல்லிக் காரியத்தைக் கெடுத்துவிடுவார். கிணறு, நெல், முழங்கால் எல்லாவற்றையும் நீங்களே சொல்லுங்கள். அண்ணாவின் பதிலுக்குக் காத்திராமல் அம்மாவை இந்தக் கிழமையே கிளினிக்குக்குக் கூட்டிப்போங்கள். காலபோக விதைப்புத் தொடங்கிவிட்டால் உங்கள் வீட்டில் அதற்கு ஆளும் இருக்காது, நேரமும் இருக்காது.